மாலிக்கின் பெட்டி சொன்ன செய்தி

செங்கல்பட்டில் பாதிப் பேருக்கு அப்துல் மாலிக்கை 'ரேடியோ பாய்' என்றுதான் தெரியும். அவன் ரேடியோ விற்றதும் இல்லை, ரிப்பேர் பார்த்ததும் இல்லை. அவன் வீட்டில் ரேடியோவே கிடையாது. பஜாரில் ஒரு ஜவுளிக் கடையில் மீட்டர் கோல் பிடித்துத் துணி கிழித்துக் கொடுப்பது அவன் வேலை. முகூர்த்த நாட்களிலும் திருவிழா நாட்களிலும் எங்கள் மெல்லிசைக் குழுவில் பேஸ் கிட்டார் வாசிப்பான். நான் தனகோடி, அதே குழுவில் டிரம்ஸ். அந்தப் பெயர் அவனுக்கு எப்படி வந்தது என்பதைப் பக்கத்தில் இருந்து பார்த்தவன். 

எங்கள் குழுவுக்கு ராஜாராம்தான் தலைவர். அக்கார்டியன் வாசிப்பார், யாருக்கு எவ்வளவு நேரம் என்று முடிவு செய்வார், திட்டுவார். எழுபத்து மூன்றாம் வருஷம் ஒருநாள், "சினிமாப் பாட்டுல கீழ திம்திம்னு ஒண்ணு போவுதே, அது நம்மகிட்ட இல்ல. அதனாலதான் நாம வாசிச்சா பஜனை மாதிரி கீது" என்றார். மாலிக் அப்போது ரிதம் கிட்டார் வாசித்துக்கொண்டிருந்தான். அடுத்த ஞாயிற்றுக்கிழமை என்னையும் இழுத்துக்கொண்டு மெட்ராஸுக்கு ரயில் ஏறினான்.

கிட்டார் பெரம்பூரில் கிடைத்தது. ஆஸ்திரேலியாவுக்குக் குடிபோகிற ஓர் ஆங்கிலோ இந்தியக் குடும்பம் வீட்டுச் சாமான்களை விற்றுக்கொண்டிருந்தது. மாலிக் அந்தப் பேஸை வாங்கி, துப்பாக்கி குறிபார்ப்பதுபோலக் கழுத்தின் ஓரத்தில் ஒற்றைக் கண்ணை வைத்துப் பார்த்தான். கழுத்து லேசாக வளைந்திருந்தது. நாலாவது கட்டையில் அழுத்தினால் கம்பி ஈ மாதிரி ரீங்கரித்தது. விற்கிறவர் கழுத்தின் முனையில் ஒரு மூடியைக் கழற்றிக் காட்டினார். உள்ளே ஓர் இரும்புக் கம்பி ஓடுகிறது, நட்டைக் கொஞ்சம் இறுக்கினால் கழுத்து நிமிரும் என்றார். அங்கேயே இறுக்கினார்கள். ஈ பறந்துவிட்டது.

அதற்கேற்ற ஆம்ப்ளிஃபையர் கிடைப்பதுதான் பெரும்பாடு. முதலில் மைக்செட்காரரின் ஆம்ப்ளிஃபையரில் செருகிப் பார்த்தோம். அதன் குழாய் ஒலிபெருக்கியில் பேஸ் வாசித்தால் தகர டப்பாவுக்குள் யாரோ இருமுவதுபோல் இருந்தது. பிறகு ஒரு பழைய பெட்டி ஸ்பீக்கரை இரவல் வாங்கினோம். முதல் கச்சேரியிலேயே அதன் காகிதக் கூம்பு கிழிந்து தொங்கியது. பேஸுக்கு அதற்கென்றே செய்த பெட்டி வேண்டும் என்று அப்புறம்தான் புத்தி வந்தது.

மெட்ராஸில் ஆம்ப் கட்டித்தருகிற ஒருவர் இரண்டைக் காட்டினார். ஒன்று டிரான்சிஸ்டர், கை வீசித் தூக்கலாம். மற்றொன்று வால்வு, இரண்டு ஆள் வேண்டும். மாலிக் என்னைக் கிட்டார் கம்பியைத் தட்டச் சொல்லிவிட்டு, பஸ்ஸும் ரிக்‌ஷாவும் ஓடுகிற தெருவைக் கடந்து எதிர்ச் சாரியில் போய் நின்றான். இரண்டையும் அங்கிருந்தே கேட்டான். திரும்பி வந்து வால்வுப் பெட்டியின் தலையில் கை வைத்தான்.

"இன்னா மச்சான், இத்தயா தூக்கிகினு ரயிலேறப் போற?" என்றேன்.

"பக்கத்துல நின்னா ரெண்டும் நல்லாதான் கீது. ரோட்ட தாண்டி வந்தது இது ஒண்ணுதான்" என்றான்.

அந்தப் பெட்டியை அவன் வைத்துக்கொண்ட விதத்தை நாங்கள் கேலி செய்வோம். கிழிந்த ஜமுக்காளத்தை உள்ளே வைத்து, தார்ப்பாயை வெளியே வைத்து, அவன் மனைவி ஜெய்புன்னிசா அதற்கு ஓர் உறை தைத்துக் கொடுத்திருந்தாள். பஸ்ஸில் போகும்போது வால்வுகளைக் கழற்றித் துண்டில் சுற்றி மடியில் வைத்துக்கொள்வான்; குலுங்கினால் உள்ளிருக்கும் இழை அறுந்துவிடும். கம்பிகளின் ஓசை மங்கிவிட்டால் கழற்றிச் சுருட்டித் தண்ணீரில் கொதிக்கவைப்பான். விரல் அழுக்கும் வியர்வையும் போய் மறுபடி கணீரென்று கேட்கும். முதல் தடவை அடுப்பில் ஏதோ கொதிக்கிறதே என்று மூடியைத் திறந்த ஜெய்புன்னிசா அலறிய அலறலில் பக்கத்து வீட்டார் ஓடி வந்தார்களாம், பாம்பென்று நினைத்து.

எங்களுக்குக் கச்சேரிகள் பெரும்பாலும் கடற்கரைப் பக்கம்தான். கோவளத்து மாதா கோயில் திருவிழா, மாமல்லபுரம், திருவிடந்தை. உப்புக்காற்று எந்த உலோகத்தையும் விடாது. குமிழைத் திருகினால் கரகரக்கும். கோழி இறகில் மண்ணெண்ணெய் தொட்டு உள்ளே விட்டுத் துடைப்பான். எழுபத்தைந்து கடைசியில் புதிதாக ஒரு கோளாறு வந்தது. வாசிக்காமல் நிற்கும்போது பெட்டிக்குள் 'உர்ர்' என்று ஒரு முனகல். கம்பியில் கை வைத்தால் குறையும், எடுத்தால் ஏறும். மாலிக் வால்வை மாற்றினான். பிளக்கைத் திருப்பிச் செருகினான். ரேடியோ கடையில் கொடுத்துக் கண்டென்சர் மாற்றினான். முனகல் போகவில்லை. கடைசியில், "இந்தப் பக்கத்துக் கரண்டே சரியில்ல" என்று முடிவு கட்டிவிட்டான். நாங்களும் நம்பினோம்.

எழுபத்தாறு ஜனவரி கடைசி நாள், திருவிடந்தைப் பக்கத்தில் ஒரு கல்யாணக் கச்சேரி. பெண்ணின் அப்பா அப்பாசாமி, உள்ளே தள்ளி ஒரு கிராமத்தில் மணிலாக்கொட்டையும் நெல்லும் போடுகிற விவசாயி. ஆளுங்கட்சியில் அந்த வட்டாரத்துக்கு முக்கியமானவர். அன்று சாயங்காலம் வரவேற்பு, மறுநாள் காலையில் சீர்திருத்தக் கல்யாணம். தலைமை தாங்கித் தாலி எடுத்துக் கொடுக்க மாவட்டத்துப் பெரிய தலைவர் ஒருவர் காலையில் வருவதாக ஏற்பாடு. சாலையோரம் இரும்புப் பைப் நட்டுத் தகரம் வேய்ந்த நீளப் பந்தல். மேடையும் நீளம். மாலிக் பெட்டியை ஒரு மூலையில் வைத்துவிட்டு, பாடகர்களுக்கு வழிவிட மறு மூலையில் நின்றான். நடுவில் ஆட்கள் தடுக்கி விழக்கூடாதென்று கிட்டார் வயரைப் பைப்பில் சுற்றிச் சுற்றி மேலே கொண்டுபோய் இறக்கியிருந்தான்.

பந்தி நடந்துகொண்டிருந்தது. ஒரு பாட்டு முடிந்து, அடுத்ததற்கு ராஜாராம் தாளைத் தேடிக்கொண்டிருந்தார். மாலிக் வியர்வை துடைக்கக் கம்பியிலிருந்து கையை எடுத்தான்.

பெட்டி பேசியது.

ஓர் ஆண் குரல். கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல், ஆனால் ஒவ்வொரு சொல்லும் தெளிவாக: "...ஆளுநரின் அறிக்கையை ஏற்று, தமிழ்நாடு அமைச்சரவை கலைக்கப்பட்டு, மாநிலத்தில் குடியரசுத் தலைவர் ஆட்சி..."

முதலில் நாலைந்து பேர் சிரித்தார்கள். எங்கள் குழுவில் யாரோ குரல் மாற்றிப் பேசுகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள். நான் மாலிக்கைப் பார்த்தேன். அவன் வாய் திறந்திருந்தது, ஆனால் அசையவில்லை. துண்டு பிடித்த கை கழுத்தருகே அப்படியே நின்றுவிட்டது. பிறகு அவன் கை தன்னையறியாமல் கம்பியில் விழ, குரல் நின்றது.

பந்தலில் இலைமேல் கை வைத்தபடியே எல்லோரும் எங்களைப் பார்த்தார்கள். சாம்பார் வாளியோடு நின்றவன் நின்றபடியே நின்றான். அதற்கப்புறம்தான் சத்தம் கிளம்பியது. கட்சித் துண்டு போட்ட ஓர் இளைஞன் மேடையில் ஏறி மாலிக்கின் சட்டையைப் பிடித்தான்.

"எவன்டா உன்ன அனுப்பனது? கல்யாண வூட்ல இன்னாடா வெளாட்டு?"

"நானில்லண்ணா... அல்லா மேல ஆணையா நானில்ல..." என்று மாலிக் கெஞ்சினான். ராஜாராம் அக்கார்டியனைப் பெட்டியில் போட்டுப் பூட்டிக்கொண்டிருந்தார். பாடுகிற பெண்கள் இறங்கிப் போய்விட்டார்கள். டிரம்ஸ் வாசிக்கிறவன் நினைத்தவுடன் ஓட முடியாது. ஒவ்வொன்றாகக் கழற்றி அடுக்க வேண்டும். நான் வெண்கலச் சிம்பலைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன்.

அப்பாசாமி பந்தியிலிருந்து வந்தார். கை கழுவியிருந்தார், துடைத்திருக்கவில்லை. நல்ல உயரம், கனத்த குரல்.

"வுடுறா அவன" என்றார். இளைஞன் கையை எடுத்தான். "தம்பி, அது மறுபடியும் பேசுமா?"

"எனக்கே தெரில அண்ணாத்த. இத்தினி வருசத்துல ஒரு வாட்டியும் பேசனதில்ல."

"பேச வெய்யி. அது சொன்னது நெசமான்னு எனக்குத் தெரியணும்."

அப்போது மாலிக் செய்தது எனக்கு இன்றும் ஆச்சரியம்.  கிட்டாரை மாட்டிக்கொண்டு, முன்பு நின்ற இடத்திலேயே போய் நின்றான். கம்பியிலிருந்து கையை எடுத்தான். வெறும் முனகல். ஒலியளவைக் கூட்டினான். முனகல் பெரிதானது. பந்தலில் நடமாட்டமே இல்லை. அவன் கண் வயரோடு போயிற்று. மேடையில் ஏறியவன் கால் பட்டு வயர் பைப்பிலிருந்து நழுவித் தரையில் கிடந்தது.

"தனகோடி, அத்த எடுத்து பழையபடி பைப்புல சுத்து. இழுத்துச் சுத்து."

சுற்றினேன். இரண்டாவது சுற்றில் பெட்டிக்குள் யாரோ தொண்டையைக் கனைத்துக்கொள்வதுபோல ஒரு கரகரப்பு. பிறகு அதே குரல்: "தலைப்புச் செய்திகளை மீண்டும் ஒருமுறை..." முதல் தலைப்பே அதுதான்.

அப்பாசாமி தலையைக் குனிந்து கேட்டார். முடிந்ததும் நிமிர்ந்து பந்தலைப் பார்த்தார். கட்சி ஆட்கள் பலர் செருப்பு மாட்டிக்கொண்டிருந்தார்கள். நெருக்கடி நிலை வந்து ஏழு மாதமாகியிருந்தது. மற்ற மாநிலங்களில் என்ன நடக்கிறது என்று அவர்களுக்குத் தெரியும். இந்த ஆட்சி இருந்ததால்தான் இங்கே அது நடக்கவில்லை. இனி யார் வீட்டுக்கு ஜீப் வரும் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

"வேண்டா!" என்று மனைவியைக் கூப்பிட்டார். "பொண்ண அழைச்சிகினு வா. மாப்பிள்ளையையும் வரச்சொல்லு. தாலி இப்பவே."

வேண்டாம்மாள் திகைத்துப்போனாள். "இன்னா சொல்றீங்க? காலையிலதான... தலைவரு வர்றாரே..."

"எந்தத் தலைவரும் வரமாட்டாரு. காலையில நானே இங்க இருப்பேனோ மாட்டேனோ. நீயே எடுத்துக் குடு."

பாதிப் பந்தல் காலியாகியிருந்தது. மிச்சமிருந்தவர்கள் எச்சில் கையோடு எழுந்து நின்றார்கள். பெண்ணின் பெயர் அம்சா. வரவேற்புக்குக் கட்டிய புடவையிலேயே வந்து நின்றாள். அழக்கூடத் தோன்றாமல் எல்லோர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தாள். வேண்டாம்மாள் தாலியை எடுத்துக் கொடுக்க, மாப்பிள்ளை கட்டினான். மேளக்காரர்கள் காலையில்தான் வருவார்கள். யாரோ "வாத்தியம், வாத்தியம்" என்றார்கள். அப்பாசாமி எங்கள் பக்கம் திரும்பினார். நான் டிரம்மை உருட்டினேன். மாலிக் ஒரே ஒரு கம்பியைத் திரும்பத் திரும்பத் தட்டினான். கையை எடுத்தால் அந்தக் குரல் வந்துவிடும் என்று பயந்து எடுக்கவே இல்லை. அம்சாவின் கல்யாண மேளம் அதுதான்.

அட்சதை போட்ட கை காய்வதற்குள் சாலையில் விளக்கு தெரிந்தது. ஜீப்பிலிருந்து இறங்கிய இன்ஸ்பெக்டர் அப்பாசாமியிடம் மரியாதையாகவே பேசினார். அப்பாசாமி ஒன்றும் கேட்கவில்லை. மகளின் தலையில் கை வைத்துவிட்டுப் போய் ஜீப்பில் உட்கார்ந்தார். அத்தோடு முடிந்தது என்றுதான் நினைத்தோம். ஆனால் கூட்டத்தில் எவனோ இன்ஸ்பெக்டரிடம் சொல்லியிருக்கிறான்.

"செய்தி வாங்கற பெட்டி எது?" என்று மேடையைப் பார்த்துக் கேட்டார்.

பின்னால் வந்து நின்ற இரண்டாவது ஜீப்பில் பெட்டி ஏறியது. கிட்டார் ஏறியது. மாலிக் ஏறினான். என் டிரம்ஸைப் பார்த்து, "இதுலயும் ஏதாவது பேசுமா?" என்று கேட்டுவிட்டு என்னையும் ஏற்றினார்கள். ராஜாராமைக் காணவில்லை.

விடியும்வரை ஸ்டேஷனில் ஒரு பெஞ்சில் உட்கார்ந்திருந்தோம்.  காலையில் இன்ஸ்பெக்டர் பெட்டியின் பின்பலகையைக் கழற்றச் சொன்னார். உள்ளே வால்வுகள் சிவப்பாக எரிவதைக் கான்ஸ்டபிள்கள் எட்டிப் பார்த்தார்கள்.

"எந்த ஊருகூட பேசிகினு இருந்த? சிலோனா?"

"சார், இது பாட்டு வாசிக்கற பெட்டி சார். பேசாது சார்."

"பேசாதா? அப்ப நேத்து அத்தினி ஜனமும் கேட்டது இன்னா, கோழி கூவுனதா? வயர்லெஸ் வெச்சிருக்கறது இன்னா கேசுன்னு தெரியுமா உனக்கு? மிசாவுல போட்டா கோர்ட்டே கெடையாது."

மாலிக் துணி அளக்கிறவன். போலீஸ் ஸ்டேஷன் வாசலைக்கூட மிதித்ததில்லை. "வயர்லெஸ் இல்ல சார். ஆகாசத்துல வர்ற மெட்ராஸ் ரேடியோவ இது எப்பிடியோ புடிச்சிகினுது. வேணும்னா காட்றேன் சார்" என்றான்.

காட்டச் சொன்னார்கள். கிட்டாரைச் செருகினான். பெட்டி வாய் திறக்கவில்லை. கையை எடுத்தான், வைத்தான், திருப்பி வைத்தான். வெறும் முனகல். வாரக்கணக்காக இந்தக் கோளாறு போகாதா என்று ஏங்கியவன், அன்று அது வரவேண்டும் என்று துடித்தான். இன்ஸ்பெக்டர் நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தார். அவர் லத்தியை எடுத்தாரா, தொப்பியை எடுத்தாரா என்று பார்க்க எனக்குத் தைரியம் இல்லை.

"மாலிக்கு, வயரு சுருட்டிகினு கீது பாரு" என்றேன். சும்மா வாயில் வந்ததைத்தான் சொன்னேன்.

அவன் என்னை ஒரு கணம் பார்த்தான். பிறகு வயரை அவிழ்த்து, ஜன்னல் கம்பிகளில் ஒன்றில் நுழைத்து ஒன்றில் எடுத்து, கதவு வழியாக வராந்தா வரைக்கும் இழுத்துக்கொண்டு போனான். தலைமைக் காவலர் பார்த்தசாரதி அவன் ஓடிவிடுவானோ என்று பின்னாலேயே போனார். வராந்தாத் தகரக் கூரையைத் தாங்குகிற இரும்புக் கம்பத்தில் வயர் பட்டதும் ஸ்டேஷனுக்குள் ஒரு பெரியவர் நிதானமாகப் பேச ஆரம்பித்தார்:

"...மார்கழியில் மணிலா விதைத்த விவசாயப் பெருமக்கள், இப்போது ஜிப்சம் இட்டு மண் அணைக்க வேண்டும்..."

ஒரு கான்ஸ்டபிள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தான். பார்த்தசாரதி வராந்தாவிலிருந்து, "சார், நம்ம மெட்ராஸ் ஸ்டேஷன்தான் சார்! எங்க வூட்ல தெனமும் கேப்போம்!" என்று கத்தினார். மாலிக் கம்பத்தைப் பிடித்துக்கொண்டு அழுதான். தப்பித்தோம் என்று நினைத்தேன்.

இன்ஸ்பெக்டர் ஜிப்சம் செய்தி முடியும்வரை கேட்டார். பிறகு மெதுவாகச் சொன்னார்: "அப்ப இது ரேடியோ."

"ஆமா சார்."

"ரேடியோன்னு நீயே ஒத்துக்கற."

மாலிக் கண்ணைத் துடைத்துக்கொண்டு என் பக்கம் திரும்பினான்.

"லைசென்ஸ் எங்க?"

அந்தக் காலத்தில் ரேடியோ வைத்திருப்பவர்கள் தபாலாபீஸில் வருஷாவருஷம் லைசென்ஸ் வாங்க வேண்டும். லைசென்ஸ் இல்லாத ரேடியோ குற்றம்தான். அவர் விளையாடுகிறார் என்று நினைத்து முகத்தைப் பார்த்தேன். அப்படித் தெரியவில்லை. எங்களை விட்டார். கிட்டாரையும் டிரம்ஸையும் கொடுத்தார். லைசென்ஸ் கொண்டுவந்து காட்டும்வரை பெட்டி அங்கேயே இருக்கும் என்றார்.

திங்கட்கிழமை செங்கல்பட்டுத் தபாலாபீஸில் கிளார்க் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு கேட்டார்: "இன்னா மேக்கு?"

"மெட்ராஸ்ல ஒருத்தர் கட்டிக் குடுத்தது சார்."

"எத்தினி பேண்டு?"

"பேண்டு இல்ல சார். பேஸ்."

கிளார்க் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். விஷயத்தைச் சொன்னபோது அவர் சிரிக்கவில்லை, சுற்றும் முற்றும் பார்த்தார். குரலைத் தாழ்த்தி, "உள்ளூர் தயாரிப்புன்னு போட்டுக்கறேன். வெளியில சொல்லாத" என்றார். பேஸ் ஆம்ப்ளிஃபையருக்கு ரேடியோ லைசென்ஸ் வாங்கியவன் அவன் ஒருவன்தான் என்று நினைக்கிறேன். விஷயம் எப்படியோ வெளியில் வந்தது. ரேடியோ பாய் ஆனான்.

பெட்டி திரும்பிவந்த அன்றைக்கே மாலிக் கிட்டார் வயரின் இரண்டு முனையையும் பிரித்தான். நானும் ஜெய்புன்னிசாவும் உட்கார்ந்து பார்த்தோம். உள்ளே ஓடுகிற ஒற்றைக் கம்பியைச் சுற்றி மெல்லிய செம்புப் பின்னல் ஒன்று இருக்கும். வெளிக்காற்றில் அலைகிற சத்தம் எதுவும் உள்ளே புகாமல் காப்பது அதுதான். ஆம்ப் பக்கத்து முனையில் அந்தப் பின்னல் பச்சைப் பச்சையாகக் களிம்பேறி, தொட்டால் பொடியாக உதிர்ந்தது. இரண்டு மூன்று இழைதான் ஒட்டிக்கொண்டிருந்தது. காப்பு போனதும் வயர் முழுக்க ரேடியோ அலை வாங்குகிற ஏரியல் ஆகிவிட்டது. இரும்புப் பந்தலில் சுற்றியதும் பந்தலே ஏரியலாகியிருக்கிறது.

மாலிக் அந்தப் பச்சைப் பொடியை உள்ளங்கையில் வைத்துப் பார்த்துக்கொண்டே இருந்தான். "வால்வ பாத்தேன், கண்டென்சர பாத்தேன். வயர ஒருநாளும் பிரிச்சுப் பாக்கலியே" என்றான்.

"அது உன் தப்பா? கடல் காத்து" என்றாள் ஜெய்புன்னிசா.

அவன் கேட்டமாதிரி இல்லை. புது வயர் வாங்கி, பின்னலைத் தடிமனாக ஈயம் வைத்து ஒட்டினான். முனகல் சுத்தமாகப் போயிற்று. ஆனால் அவன் வாசிக்கவில்லை. கட்சிக்காரர்கள் வீட்டுக் கல்யாணங்களே எங்களுக்கு அதிகம். அவர்களில் பலர் ஜெயிலுக்குள்ளே இருந்தார்கள், மற்றவர்கள் சத்தமில்லாமல் கல்யாணத்தை முடித்துக்கொண்டார்கள். வந்த ஒன்றிரண்டு கச்சேரிக்கும் ராஜாராம் மாலிக்கைக் கூப்பிடவில்லை. "அவன் பெட்டி வந்தா வூட்டு ஆம்பள உள்ள போவான்னு பேசிக்கறாங்கப்பா" என்றார். மாலிக் அதைக் கேட்டுத் தலையாட்டினான். அவனே அப்படித்தான் நம்பினான். பெட்டி பேசியிருக்காவிட்டால் அன்று எதுவுமே நடந்திருக்காது என்பதுபோல. ஜவுளிக் கடையில் துணியை அளந்தபடியே கை நின்றுவிடும். மீட்டர் கோலைப் பிடித்துக்கொண்டு எங்கேயோ பார்த்துக்கொண்டிருப்பான்.

எழுபத்தேழு தொடக்கத்தில் உள்ளே இருந்தவர்களை விட ஆரம்பித்தார்கள். அப்பாசாமி வந்துவிட்டார் என்று கேள்விப்பட்டதும் நான் போகலாம் என்றேன். மாலிக் வரமாட்டேன் என்றான். ஜெய்புன்னிசாதான், "போயி அந்த மனுசன் மொகத்த ஒருவாட்டி பாத்துட்டு வந்துரு. திட்டுனா வாங்கிக்க" என்று அனுப்பினாள்.

வீட்டு வாசலில் வேண்டாம்மாள் எங்களை அடையாளம் கண்டுகொண்டாள். அவள் முகம் மாறியதைப் பார்த்து மாலிக் பின்வாங்கினான். "உள்ள வா தம்பி" என்றாள்.

அப்பாசாமி கட்டிலில் உட்கார்ந்திருந்தார். அன்று மேடையில் வந்து நின்ற ஆளில் பாதிதான் இருந்தார். கனத்த குரல் போய்விட்டது. எழுந்திருக்கப் பார்த்து, முடியாமல், கையால் உட்காரச் சொன்னார்.

"உன்ன ரொம்ப பேஜார் பண்ணிட்டாங்களாமே, தம்பி" என்றார்.

நாங்கள் இதை எதிர்பார்க்கவில்லை. மாலிக், "அண்ணாத்த, என் பொட்டியாலதான் உங்க வூட்டு நல்ல காரியம் அப்பிடி..." என்று தொடங்கினான்.

"இன்னா பேசற நீ? உன் பொட்டியா ஆட்சிய கலைச்சுது? உன் பொட்டியா ஜீப்ப அனுப்புச்சுது? அது எப்பிடியும் வந்திருக்கும். என் வூட்ல ரேடியோ இல்ல. நான் சாப்ட்டு படுத்திருப்பேன். தூக்கத்துல எழுப்பி இட்டுகினு போயிருப்பாங்க." மூச்சு வாங்கியது. கொஞ்சம் பொறுத்துச் சொன்னார்: "நீ ரெண்டாவது வாட்டி அத்த பேச வெச்சியே, அதனாலதான் எம் பொண்ணு கழுத்துல தாலி ஏறனத என் கண்ணால பாத்தேன். உள்ள இருந்தப்ப எனக்கு நெனச்சிக்க இருந்தது அது ஒண்ணுதான்."

வேண்டாம்மாள் மோர் கொண்டுவந்தாள். அப்பாசாமி டம்ளரை இடது கையால் வாங்கினார். வலது கை மடியில் கிடந்தது. அதில் இரண்டு விரல்கள் நீட்டியபடியே இருந்தன. மாலிக் அந்த விரல்களிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. அப்பாசாமி அதைக் கவனித்துத் துண்டின் முனையை இழுத்து அதன்மேல் போட்டுக்கொண்டார். 

திரும்பும்போது பஸ் திருப்போரூரைத் தாண்டியது. மாலிக் கேட்டான்: "அந்த வெரல பாத்தியா?"

"பாத்தேன்."

"அது தானா அப்பிடி ஆவாது, தனகோடி. ஒருத்தன் உக்காந்து பண்ணாத்தான் அப்பிடி ஆவும்."

 கருவாட்டுக் கூடையோடு ஒரு பெண் ஏறினாள். மாலிக் நகர்ந்து இடம் கொடுத்தான்.

அந்த மாதமே கோவளத்தில் ஒரு நிச்சயதார்த்தம் வந்தது. ராஜாராமிடம் நான் போய்ச் சண்டை போட்டேன், சரி என்றார். மாலிக் காலையிலேயே பெட்டியின் உறையைக் கழற்றி, ஒவ்வொரு வால்வாகத் துடைத்து, வயரின் இரண்டு முனையையும் பிரித்துப் பார்த்து மறுபடி மூடினான். மேடையில் முதல் பாட்டில் அவன் கை தாளத்தைவிட்டு ஓடியது. ராஜாராம் திரும்பி முறைத்தார். நான் பெரிய டிரம்மைக் கொஞ்சம் ஓங்கி மிதித்துக் கொடுத்தேன். இரண்டாவது பாட்டில் வந்து சேர்ந்துகொண்டான்.